எதிர்ப் பக்கத்துக்கு ஓர் ஆள்

பந்துப் பலகையை நான் செய்தது வெறும் கடுப்பில்தான். பேருந்து நிலையத்தில் ஜனங்கள் மணிக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், தோளோடு தோள் இடிக்கும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். இவர்களைப் பேச வைக்காமல் விடுவதில்லை என்று அண்ணன் வீட்டுக் கூடத்தை மரத்தூளாக்கி, ஓர் ஆள் நீளத்துக்கு மேசை ஒன்று செய்தேன். மேலே வளைந்து வளைந்து ஒரு பாதை, வழி நெடுக ஓட்டைகள், ஓர் இரும்புக் குண்டு. ரெண்டு முனையிலும் கைப்பிடி. இந்தப் பக்கம் ஒருத்தர் தூக்க, அந்தப் பக்கம் ஒருத்தர் தாழ்த்த, குண்டு ஓட்டையில் விழாமல் கடைசிக் குழிக்குப் போய்ச் சேர வேண்டும். தனி ஆள் தலைகீழாக நின்றாலும் நடக்காது. எதிர்ப் பக்கத்துக்கு யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும். அதுதான் விஷயமே!

"கூடத்துல கால் வைக்க வழி இல்ல, இதுல ஊரையே சேர்த்து வைக்கப் போறானாம்" என்றாள் அண்ணி.

அண்ணன் மட்டும் கிண்டல் செய்யவில்லை. டயர் கடையிலிருந்து வந்த கையோடு எதிர் முனையைப் பிடித்துக்கொள்வான். "டேய், இந்த வளைவுல கொலைவெறி இருக்குடா, கொஞ்சம் தேய்ச்சு விடு" என்பான். தேய்ப்பேன். மறுபடியும் ஆடுவோம்.

வட்டாரத்து நிலையங்களுக்கெல்லாம் பொறுப்பான மேலாளர் எங்கள் நிலையத்தில் ரெண்டு வாரம் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். "ஜனங்க ஆடினா எல்லா நிலையத்துக்கும் செஞ்சு குடுப்பா. ஆடலைன்னா மறுநாளே தூக்கிட்டுப் போயிடணும்." எனக்கு அதோடு முடியவில்லை. இதுவும் சொதப்பினால் டயர் கடைக்கே வந்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் நானே வாயை விட்டிருந்தேன்.

முதல் நாள் முழுக்க ஈ ஓட்டினேன். மறுநாள் மதியத்திலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. வந்தது என்றால் அப்படி வந்தது! ஒருத்தர் வந்து கைப்பிடியைப் பிடிப்பார், "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் வர்றீங்களா?" என்பார், இன்னொருத்தர் எழுந்து வருவார். நான் தூணுக்குப் பின்னால் நின்று படம் எடுத்துத் தள்ளினேன். வெள்ளைக் கைப்பிடி சாயங்காலத்துக்குள் கறுத்துப் போகும். அந்தக் கறுப்பையும் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். எத்தனை கை பட்டிருக்கிறது பாருங்கள் சார்!

கடைசி நாளுக்கு முந்தின நாள் ரெண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மொட்டை, இன்னொருத்தர் தடிமனான கண்ணாடிக்காரர். குண்டு கடைசி வளைவு வரைக்கும் வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் கையை லேசாக விட்டார், பொத்தென்று ஓட்டைக்குள் விழுந்தது.

"டேய் சோடாபுட்டி!" என்று கத்தினார் மொட்டை. "கடையில ஜாக்கி பிடிக்கச் சொன்னாலும் இப்படித்தான்டா கைய விடுற!"

சோடாபுட்டி என்னைப் பார்த்தார். மொட்டை என்னைப் பார்த்தார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேருந்து நேரப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

கைப்பிடியை விரலால் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோனேன். கிரீஸ்.

நேராகக் கடைக்குப் போனேன். அண்ணன் லாரிச் சக்கரம் ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை பேரை அனுப்பின?"

"யாரை?"

"அண்ணே, நடிக்காத."

ஸ்பானரைக் கீழே வைத்தான். "நம்ம கடை, பக்கத்துப் பட்டறை, அப்புறம் வண்டி கழுவுற பசங்க. மாத்தி மாத்தித்தான்டா அனுப்பினேன்."

"எதுக்கு?"

"முதல் நாள் நான் எதிர்ல நின்னு பார்த்தேன். ஒருத்தன் வந்தான், ஈரத் துண்டை அது மேல காயப் போட்டான், பஸ் வந்ததும் எடுத்துட்டுப் போயிட்டான். நீ தூணுக்குப் பின்னாடி நின்ன. உன் மூஞ்சியப் பார்க்க முடியலடா."

அழுகைதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். "நாளைக்கு மேலாளர் நேர்ல வர்றாரு. உன் ஆளுங்க ஒருத்தனும் வரக் கூடாது. நீயும் வராத. நிஜமா யாராவது ஆடுறாங்களான்னு நான் பார்க்கணும்."

"சரிடா" என்றான்.

மறுநாள் பார்த்தேன். ஒரு பெண் கைப்பிடியைத் தொட்டாள், எதிரில் ஆள் இல்லை என்றதும் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள். ஒருத்தரை நானே போய்க் கூப்பிட்டேன். "இதுல என்ன விக்கிறீங்க?" என்றார். ஒன்றும் விற்கவில்லை என்றேன். பையை மடியில் இறுக்கிக்கொண்டு நாலு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மேலாளர் வந்தார். "என்னப்பா, போட்டோல ஜேஜேன்னு கூட்டம் இருந்துச்சு?"

"இப்ப வருவாங்க சார்."

யாரும் வரவில்லை. அவர் ரெண்டாம் முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது அண்ணன் உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. தோளில் ஒரு பயணப் பை, அண்ணியுடையது. நேராகப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேலாளர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இவரு உனக்குத் தெரிஞ்சவரா? அப்படியே உன் ஜாடையா இருக்காரே."

அண்ணனுக்குக் கேட்கும் தூரம்தான்.

"தெரியாது சார்" என்றேன். "இப்பதான் பார்க்கிறேன்."

அண்ணன் குண்டை எடுத்துப் பாதையின் தொடக்கத்தில் வைத்தான். அப்புறம் நிமிர்ந்து, "தம்பி, அந்தப் பக்கம் ஆள் இல்ல. நீங்க பிடிக்கிறீங்களா?" என்றான்.

பிடித்தேன். குண்டு ஒரு தடவை கூடத் தயங்கவில்லை. நான் தூக்குவதற்கு முன்பே அவன் தாழ்த்தினான். எல்லா வளைவும் தாண்டி, ஒரே ஓட்டத்தில் குழிக்குள்.

மேலாளர் கை தட்டினார். "முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேரு! இதைத்தானப்பா எதிர்பார்த்தேன்! கை குடுங்க ரெண்டு பேரும், ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்." குடுத்தோம். அண்ணன் கையில் மண்ணெண்ணெய் வாடை. கிரீஸ் போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறான்.

"சாருக்கு எந்த பஸ்?" என்று அவனிடம் கேட்டார் மேலாளர்.

அண்ணன் நின்றுகொண்டிருந்த ஒரு பேருந்தைக் காட்டினான்.

"ஐயோ, கிளம்பப் போகுதே! வாங்க, வாங்க." அவரே தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டார். அது எந்த ஊருக்குப் போகிறது என்று அண்ணன் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தான், பையை மடியில் வைத்துக்கொண்டான். மேலாளர் டாட்டா காட்டினார். எனக்கும் காட்ட வேண்டியதாகிவிட்டது.

"எல்லா நிலையத்துக்கும் செஞ்சிடு" என்றார் அவர். நான் நன்றி சொன்னேன். கோணலாக இளித்தேன்கூட.

அண்ணன் வீடு திரும்பியபோது நாங்கள் சாப்பிட்டுத் தட்டும் கழுவி முடித்திருந்தோம். எங்கே போய் இறங்கினான், எப்படித் திரும்பினான், ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். அண்ணி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "சின்னவன் பலகை என்ன ஆச்சு? நீங்க போய்ப் பார்த்தீங்களா, இல்லையா?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அண்ணன், தட்டைப் பார்த்தபடியே. "அந்தா நிக்கிறாரே, அவரையே கேளு."