பார்த்து நின்றவர்களின் பாரம்

வீரையடிக்குளம் ஏழாம் வாய்க்காலுக்குள் சரிந்து விழுந்த யோகலிங்கத்தின் லான்ட்மாஸ்டர் உழவு யந்திரம், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நெல் மூட்டை வீதம் பாரம் கூடியது. ஐந்து பேர் பார்த்தால் ஐந்து மூட்டை, ஐம்பது பேர் பார்த்தால் ஐம்பது. பின்னாளில் இது முல்லைத்தீவு மாவட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதியாகி, நெல் வாங்க வரும் வியாபாரிகள் தராசுக்குக் கிட்ட ஒரு ஆளையும் நிற்கவிடாமல் துரத்தும் அளவுக்குப் போனது. ஆனால் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் திறந்த அந்தச் சித்திரைக் காலையில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரியாததால் யோகலிங்கம் சாகக் கிடந்தார்.

முதல் நாள் மழையில் வாய்க்காலோரத்து மண்கட்டு ஊறியிருந்தது. பின்னால் கொழுவிய பெட்டி நிறைய விதைநெல்லோடு வந்த இரண்டு சில்லு உழவு யந்திரம் ஒரு பக்கமாகச் சறுக்கி, யோகலிங்கத்தின் காலைத் தனக்குக் கீழே அமுக்கிக்கொண்டு விழுந்தது. மூட்டைகளுக்கு மேல் இருந்து வந்த மனைவி கமலாசனி பாய்ந்து தப்பினார். தண்ணீர் அப்போது யோகலிங்கத்தின் இடுப்பளவு. குளத்து மதகான துருசு திறந்தபடி இருந்ததால் அது ஏறிக்கொண்டும் இருந்தது. கமலாசனி கத்தவில்லை. கரையில் கிடந்த பாலைத் தடியை எடுத்துச் சில்லுக்குக் கீழே கொடுத்து நெம்பினார். யந்திரம் ஒரு சாண் எழும்பியது. யோகலிங்கம் காலைப் பாதிவரை இழுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் கட்டின்மேல் நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். யந்திரம் பழைய இடத்துக்கே இறங்கியது.

பிறகு ஆட்கள் வந்தார்கள். வாய்க்காலின் மேற்குக் கரையில் யோகலிங்கத்தினுடையதைப் போல யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். கிழக்குக் கரையில் கலவர காலத்தில் மலையகத் தோட்டங்களில் இருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள். இரண்டு தலைமுறையாக ஒரே தண்ணீரில் விதைத்து, ஒரே சண்டையில் ஓடி, ஒரே முகாமில் வரிசையில் நின்று திரும்பியவர்கள். ஆனாலும் கரைக்குக் கரை ஒருவரை ஒருவர் அண்ணை, தம்பி, அக்கா என்று கூப்பிட்டே காலத்தைக் கடத்திவிட்டார்கள். பெயர் கேட்கத் தேவை வரவில்லை. கல்யாண அழைப்பிதழ் வாய்க்காலைத் தாண்டிப் போனதும் இல்லை. இப்போது மேற்குக் கரை, பாரம் தூக்கிப் பழகியவர்கள் அந்தப் பக்கம்தானே நிற்கிறார்கள் என்று பார்த்தது. கிழக்குக் கரை, சொந்தக்காரர் நிற்கும்போது நாங்கள் தொட்டு ஏதும் பிசகினால் பழி எங்களுக்கு என்று பார்த்தது. எல்லோருக்கும் மனம் பதறியது. பதறியபடியே பார்த்தார்கள். தண்ணீர் யோகலிங்கத்தின் நெஞ்சுக்கு வந்தது.

"அண்ணை, ஒருக்கா வந்து பிடியுங்கோ," என்றார் கமலாசனி. எல்லா அண்ணன்மாரும் பக்கத்தில் நின்ற அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். "தம்பி" என்றபோதும் அதுவே நடந்தது. இரண்டு பேர் வெற்றிலை வாங்கக் கடைப்பக்கம் போனார்கள். கமலாசனியின் கையில் இருந்த தடி உடனே லேசானது. திரும்பி வந்தார்கள், தடி கனத்தது. கமலாசனிக்கு விளங்கிவிட்டது. "எல்லாரும் போங்கோ, ஒருத்தரும் பார்க்காதேங்கோ," என்றார். மற்றவர்களுக்குத்தான் சொல்கிறார் என்று எண்ணி ஒவ்வொருவரும் நின்றார்கள்.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. கமலாசனி கணவரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, எதிர்க்கரையில் முதலில் நின்றவரைப் பார்த்தார்.

"உங்கட பேர் என்ன?"

அந்த ஆள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான். சிவத்த சேட்டுப் போட்டவர்."

"சுமன்."

அவ்வளவுதான். யந்திரம் ஒரு மூட்டை லேசாகி, சேற்றில் ஒரு குமிழி வெளியே வந்தது. "சுமன், இறங்கி வந்து பெட்டிக் கொழுக்கியைக் கழட்டுங்கோ," என்றார் கமலாசனி. சுமன் செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கினார்.

"புருசன் தண்ணியில மூழ்குறாரு, இந்தம்மா குடிசனக் கணக்கு எடுக்குது," என்று ஒரு குரல் கேட்டது.

"ஓம், அடுத்தது நீங்கள்தான். பேரைச் சொல்லுங்கோ."

"...பேச்சியம்மா."

"பேச்சியம்மாக்கா, இவற்ற தலையைப் பிடியுங்கோ. மூக்குக்குத் தண்ணி வந்தா எனக்குச் சொல்லிக்கொண்டு நிக்காதேங்கோ, உயர்த்துங்கோ."

பேச்சியம்மா சேலையைச் சொருகிக்கொண்டு வந்து தலையை வாங்கிக்கொண்டார். கை விடுபட்ட கமலாசனி தன் கரைப் பக்கம் திரும்பினார். அங்கே ரியூசன் வாத்தியார் லக்ஷன் ஃபோனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்.

"லக்ஷன், படம் எடுத்தது காணும், நிப்பாட்டும். துருசைப் பூட்டச் சொல்லிக் கோல் எடும்."

"ஆரும் எடுத்திருப்பினம் அன்ரி."

"ஒருத்தரும் எடுக்கேல்லை. நீர் எடும்."

அன்றைக்கு இரண்டு கரையிலும் ஃபோன் இல்லாத ஆள் இல்லை. துருசுக் காவலாளிக்கு வந்த முதல் அழைப்பு லக்ஷனுடையதுதான். ஆனால் துருசை மூடினாலும் வாய்க்காலில் ஏற்கெனவே வந்துவிட்ட தண்ணீர் வந்துதான் தீரும். பேச்சியம்மா தலையை ஒரு விரல்கடை உயர்த்தினார். பிறகு இன்னொரு விரல்கடை. அதற்கு மேல் உயர்த்த யோகலிங்கத்துக்குக் கழுத்து இல்லை.

"நீங்கள்?" என்று நரைத்த மீசைக்காரர் ஒருவரைக் கேட்டார் கமலாசனி.

"மூக்கன்ங்க. முப்பது வருசமா ஒங்க வயல்ல கள புடுங்குறேன். இன்னிக்குத்தான் கேக்குறீங்க."

"பிழைதான் மூக்கண்ணை. பிறகு வந்து ஆறுதலா ஏசுங்கோ. இப்ப சில்லைப் பிடியுங்கோ."

"ஏசாம விடமாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே மூக்கன் சில்லில் தோளைக் கொடுத்தார்.

பெயர்கள் வேகமாக வந்தன. கமலாசனி கேட்பதற்கு முன்பே சிலர் பெயரைச் சொல்லிக்கொண்டு குதித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு மூட்டை கழிந்தது. கடைசியில் கட்டின்மேல் ஓர் ஆட்டோவும் அதற்குள் ஆண்டியப்பன் என்பவரும் மட்டும் மிச்சம். தனக்கு முதுகு ஏலாது என்று அவர் சொன்னார். அது உண்மைதான்.

"அப்ப ஆட்டோவை றோட்டுக்குக் குறுக்கால விடுங்கோ. புதுசா ஆரும் வந்து நிண்டு பார்க்கக்கூடாது."

ஆண்டியப்பன் ஆட்டோவைத் திருப்பி றோட்டை மறித்த நிமிடத்தில், பார்ப்பதற்கென்று அந்த இடத்தில் ஒருவரும் இல்லாமல் போனார்கள். யந்திரம் தன் சொந்தப் பாரத்தையும் விட்டுவிட்டு எழும்பியது. பேச்சியம்மாவும் கமலாசனியும் யோகலிங்கத்தைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மூச்சு இருந்தது. இருமி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எங்கட வயலுக்குத் திரும்பிச்சுதோ?"

"முதல்ல உமக்குள்ள திரும்பினதைத் துப்பும்," என்றார் கமலாசனி. அதற்குப் பிறகுதான் அழுதார். ஆண்டியப்பனின் ஆட்டோவில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இங்கே யந்திரம் நிற்கவில்லை. சில்லைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டதும் அது ஆள் உயரம் போனது. பிறகு தென்னங்கீற்று உயரம் போனது. சுமன் எட்டிக் கயிற்றை எறிந்து ஒரு பாலை மரத்தில் கட்டினார். அங்கே நின்ற எல்லோரும் கயிறு பிடிப்பதும் விதைநெல் மூட்டைகளைக் கரையேற்றுவதுமாக இருந்ததால், சும்மா பார்க்க ஆள் கிடைக்கவில்லை. வேண்டுமென்றே பார்த்தும் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஆட்டோ விலகிய றோட்டால் புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு மினிபஸ் வந்தது. பாலை மரத்துக்கு மேல் லான்ட்மாஸ்டர் நிற்பதைக் கண்டு றைவர் பிரேக் போட்டார். சனம் ஜன்னலால் தலையை நீட்டியது. ஃபோன்கள் எழும்பின. ஒருவர் "ஐயோ பாவம்" என்றார், அதற்கே யந்திரம் ஒரு முழம் இறங்கியது. ஒரு பஸ் சனமும் பார்த்து முடிய, இரண்டு சில்லும் கட்டின்மேல் பூப்போலப் பதிந்தன.

"போதும், வண்டிய எடுங்க," என்றார் மூக்கன் றைவரைப் பார்த்து.

மறுநாள் விடிய யோகலிங்கத்தின் வயலை சுமன் அதே யந்திரத்தால் உழுதார். இரண்டு கரையில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கையில் மண்வெட்டியோ விதைக்கடகமோ இல்லாமல் வரம்பில் நின்றவர் ஒருவரும் இல்லை. அதனால் டீசல் பாதிதான் முடிந்தது.