பதினொரு லேபிள்

பாடாலூர் உரக்கடையின் ஷட்டர் ஏறும்வரை அம்சவள்ளி உட்காரவில்லை. படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். மத்தியானத்துக்குள் திருச்சி ஆஸ்பத்திரிக்குத் திரும்பியாக வேண்டும்.

அவள் புருஷன் அரியமுத்து பதினெட்டு வருஷமாகப் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் வெறுங்கையும் வெறுங்காலுமாகப் பூச்சிமருந்து அடித்தவன். இப்போது ரத்தப் புற்று என்று படுத்திருக்கிறான். என்னென்ன மருந்து அடித்தாய் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "செவப்பு மூடி, பச்ச மூடி, ஒண்ணு பாலாட்டம் வெள்ளையா இருக்கும்" என்றான்.

"பேரு வேணும்மா" என்று டாக்டரம்மா முந்தின நாள் அம்சவள்ளியிடம் சொன்னாள். "இந்த வேலையால வந்திருக்கலாம். எழுதி வச்சா பின்னால நஷ்டஈட்டுக்கு மனு போட உதவும். நாளைக்கு மத்தியானத்தோட எனக்கு இந்த வார்டு டூட்டி முடியுது."

கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பில்லு யாரு பேருல இருக்கோ அவுங்களக் கேளு."

பில் கோகுலகிருஷ்ணன் பெயரில் இருந்தது. அரியமுத்து அதிகம் அடித்தது அவர் காட்டில்தான். இரண்டு மைல் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவர் மோட்டார் கொட்டகையில் நின்றிருந்தார்.

"பேரு மட்டும் சொல்லுங்கய்யா. வேற ஒண்ணும் கேட்டு வரல."

"என் காட்டுல மட்டுமா அடிச்சான்? ஊரெல்லாம் அடிச்சான். பீடி வேற." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ எழுதிக் குடுத்துடுவ. நாளைக்கு எவனாச்சும் எங்கிட்டல்ல வந்து நிப்பான். போம்மா."

திரும்பும்போது வேலியோரம் காலி பாட்டில்கள் கிடந்தன. குனிந்து பொறுக்கினாள்.

"ஏய், அத எதுக்கு எடுக்குற?" கொட்டகையிலிருந்து அவர் கத்தினார்.

அவள் காதில் வாங்கவில்லை. பதினொன்று கிடைத்தது. கட்டைப்பையில் திணித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

பஸ் இரண்டு நிறுத்தம்கூடத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். கண்டக்டர் வந்தார்.

"பையில என்னம்மா?"

"காலி பாட்டுலுங்க. டாக்டருக்குக் காட்டணும்."

"பூச்சிமருந்தா? கொழந்த குட்டி வர்ற வண்டிம்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? எறங்கு, எறங்கு."

விசில் ஊதினார். நான்குவழிச் சாலையில், லாரிகளின் காற்று புடவையை இழுக்க, அவள் பையோடு நின்றாள். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

நிழற்குடைக்குள் உட்கார்ந்து லேபிள்களை நகத்தால் சுரண்டி உரிக்க ஆரம்பித்தாள். சில முழுசாக வந்தன; சில பாதியில் கிழிந்தன. விரல் நுனிகள் எரிந்தன. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி உரித்தாள்.

பாட்டில்களை அங்கேயே விட்டுவிட்டு ஏறிய அடுத்த பஸ்ஸில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. சீட்டில் உட்கார்ந்ததும், பெயர் கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக மடியில் வைத்து நீவிப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் படிக்கத் தெரியாத பொடி எழுத்து. ஒன்றின் அடியில் மட்டும் படம் இருந்தது. கையுறை மாட்டிய கை, முகத்தை மூடிய தலை, பூட்ஸ் போட்ட கால். மூன்றும் சேர்ந்து அவள் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கின.