கீழ் மண்டபம்

அன்றைக்கு ரீஹாம் செய்த கடைசிச் சாதாரண காரியம், அக்காவின் கறுப்புச் சட்டையிலிருந்து பூனை முடியை எடுத்தது. ஒட்டும் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு, முதுகில் பட் பட்டென்று அடித்தாள். முடி எடுப்பதைவிட அடிப்பதில்தான் அவளுக்குக் கவனம்.

"நேரா நில்லுக்கா. சாவுக்குப் போறியா, பரீட்சைக்குப் போறியா? ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குறியே."

"ரெண்டுக்கும்தான் போறேன்," என்றாள் நஷ்வா.

"இன்னிக்கு யாரு செத்தது, உஸ்தாஸா?"

எழுத்தாளர்களுக்கு ஊர் தரும் மரியாதைப் பெயர் அது. ரீஹாம் வாயில் வரும்போது மட்டும் அதில் மரியாதை இருக்காது.

"இஸ்மத் ஹானிமோட அம்மா."

"அந்தக் கிழவியை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. இஸ்மத் ஹானிமுக்கு என்னைத் தெரியணும்."

"நல்லா இருக்கு. ஊர்ல எல்லாருக்கும் ஆபீஸ் இருக்கு. உனக்குச் சாவு வீடு."

நஷ்வா வேலை பார்த்த செய்தித்தாள் மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் சொந்தமில்லாத எழுத்தாளர். கேட்டவர்களுக்கு எழுதினாள்; கேட்காதவர்களுக்கும் எழுதி அனுப்பினாள். கெய்ரோவில் ஆசிரியர்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை. பார்த்த முகத்துக்குத்தான் பக்கம். முகத்தைக் காட்ட எங்கே போவது? ஆபீஸ் வாசலில் காவலாளி நிறுத்துவான், கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டும். சாவுக்கு மட்டும் யாரும் யாரையும் தடுக்க முடியாது. வராமல் போனவரை இந்த ஊர் மன்னிக்காது, வந்தவரை மறக்காது. இதை முதலில் புரிந்துகொண்டவள் நஷ்வா அல்ல, ஆனால் அவளைப் போல ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் குறைவு. துணை ஆசிரியரின் மாமனார், அச்சக முதலாளியின் தம்பி, வானொலிக்காரரின் சித்தி என்று யாருக்கும் அவள் தவறியதில்லை. சின்னச் சின்ன வேலைகள் அப்படித்தான் வந்தன. இப்போது அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: 'ஹானிம்', அதாவது சீமாட்டி, என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் இஸ்மத் நடத்தும் மாதப் பத்திரிகையின் கடைசிப் பக்கம். மாதாமாதம் ஒரே பெயர் போட்டு வரும் பக்கம். அது கிடைத்தால் மற்றவர்கள் அவளைத் தேடி வருவார்கள்.

ரீஹாம்தான் கார் ஓட்டினாள். பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. நகக்கண்ணில் எப்போதும் வெள்ளைச் சாந்து இருக்கும். பள்ளிவாசலுக்கு எதிரே இரண்டாவது வரிசையில் காரைச் செருகிவிட்டு, "நீ போய் அழுதுட்டு வா. நான் கண்ணை மூடிக்கிறேன்," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது. அவளுக்கு எப்போதும் வாங்குவதுதான்.

அந்தப் பள்ளிவாசலில் மண்டபங்கள் ஒன்றுக்கு மேல். ஒரே மாலையில் வேறு வேறு வீட்டுத் துக்கக் கூட்டங்கள் நடக்கும். வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தை நஷ்வா படிக்கவில்லை. தாமதமாகிவிட்ட பதற்றம். கறுப்பு உடைப் பெண்கள் உள்ளே போவதைப் பார்த்தாள், பின்னாலேயே நுழைந்தாள். முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த பருத்த பெண்மணியைக் கட்டிக்கொண்டு, "மீதி ஆயுசு உங்களுக்குச் சேரட்டும்," என்று துக்கத்தில் எல்லோரும் சொல்லும் வார்த்தையைச் சொன்னாள். கண்ணீரும் வந்தது. அவளுக்கு அது சுலபமாக வரும். அந்தப் பெண் அவள் கன்னத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் முத்தமிட்டாள்.

உட்கார்ந்ததும் சர்க்கரை இல்லாத காப்பி வந்தது. ஒலிபெருக்கியில் குர்ஆன் ஓதுபவர் தொடங்கினார். தொடங்கிவிட்டால் அந்தப் பகுதி முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. நஷ்வா கண்ணால் இஸ்மத் ஹானிமைத் தேடினாள். முன்வரிசை, இரண்டாம் வரிசை, தூண் ஓரம். இல்லை. பத்திரிகைக்காரிகள் ஒருத்தியும் இல்லை. முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது. அதைக் கையால் அழுத்திப் பிடித்தாள். கை ஆடியது. ஓதுபவர் நல்ல குரல்காரர். ஒரே வரியை வேறு வேறு ராகத்தில் திரும்பத் திரும்ப எடுத்தார். அவர் மூச்சு விடுகிற ஒவ்வொரு தடவையும் முடிந்துவிட்டது என்று நினைத்து அவள் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தாள்.

முடிந்ததும் பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள்: "இஸ்மத் ஹானிம் எங்கே இருக்காங்க?"

"எந்த இஸ்மத்? இது ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஹாஜா தஹானியோட துக்கம். மூஸ்கி சந்தையில பொத்தான் கடை வச்சிருந்தாங்களே, அவங்க."

நஷ்வா மாடிப்படியில் ஓடினாள். மேல் மண்டபத்தில் இஸ்மத் ஹானிம் வெள்ளிக் கூந்தலும் கறுப்புக் கண்ணாடியுமாக வாசலிலேயே நின்றிருந்தார். கையைப் பிடித்ததும், "நஷ்வா தானே? அந்த ரயில் கட்டுரை நீ எழுதினதுதானே? நாளைக்கு எனக்குப் போன் பண்ணு," என்றார்.

படியில் இறங்கும்போது நஷ்வாவுக்குக் கால் தரையில் படவில்லை. ரீஹாமிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தாள். என் பெயர் தெரியுதுடீ அவங்களுக்கு, ரயில் கட்டுரை ஞாபகம் இருக்குதுடீ.

காரைச் சுற்றிக் கூட்டம். காரை நகர்த்தச் சொல்லிக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தவர் கதவைத் திறந்திருந்தார். கீழ் மண்டபத்துப் பருத்த பெண்மணி நடைபாதையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ரீஹாமின் தலையை மடியில் வைத்துக் கொலோன் வாசனைத் தண்ணீர் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணைத் திற மகளே, கண்ணைத் திற," என்று தன் அம்மாவுக்கு அழுத அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் ரீஹாமின் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்திருந்தது. எல்லோருக்கும் தெரியும். தெரிந்து தெரிந்தே பழகிப்போயிருந்தது.

ரீஹாமின் அடக்கம் முடிந்த மறுநாள் மாலை துக்க மண்டபம். தான்தா ஊரிலிருந்து வந்த தாய்மாமா ஆண்கள் பக்கம் நின்றுகொண்டார். பெண்கள் பக்கம் நஷ்வா ஒருத்திதான். முன்வரிசை நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்தாள், கதவுவரை போனாள், வந்தாள். அவள் கண் கதவிலேயே இருந்தது. துணை ஆசிரியர் வீட்டிலிருந்து யாராவது வருவார்களா? வானொலிக்காரரின் மனைவி? தங்கையின் துக்கத்தில் நின்றுகொண்டு வருகைப் பதிவு எடுக்கிறோமே என்று உறைத்தது. உறைத்தும் கண் திரும்பவில்லை.

பல் செட் லேபிலிருந்து மொத்தமாக வந்தார்கள். ஒருத்தி நஷ்வாவைக் கட்டிக்கொண்டு, "உங்களைப் பத்தி ஒரு நாளும் பேசாம இருக்கமாட்டா. எங்கக்கா இன்னிக்கு யாரைப் புதைக்கப் போறான்னு கேட்டுக்கிட்டே வருவா," என்று சிரிக்கத் தொடங்கி அழுதாள். பத்திரிகை உலகத்திலிருந்து விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் வந்தார்கள். நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாக இருந்தன.

அப்போதுதான் கதவை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நுழைந்தது. கிழவிகள், மருமகள்கள், பள்ளிச் சீருடையைக் கழற்றாத பெண்கள். முன்னால் கீழ் மண்டபத்துப் பருத்த பெண்மணி. பெயர் அஃபாஃப் என்று அப்போதுதான் தெரிந்தது. மூச்சுத் திணற நஷ்வாவை இறுக்கினாள்.

"எங்க அம்மாவுக்கு நீ வந்தே. உனக்கு நாங்க வராம இருப்போமா?"

"இல்ல, நான் வந்து…"

"அம்மா உன்னைப் பத்திச் சொன்னதில்ல. அதனால என்ன? அம்மாவுக்கு ஊர் பூரா சிநேகிதம். கடைக்கு வந்தவளா நீ?"

நஷ்வா வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது, ஓதத் தொடங்கிவிட்டார்கள். அஃபாஃப் பக்கத்து நாற்காலியில் விழுந்து, நஷ்வாவின் ஆடுகிற முழங்கால்மேல் தன் கனத்த கையை வைத்தாள். முழங்கால் நின்றது. நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டன.

ஓதலின் இடைவேளையில் இஸ்மத் ஹானிம் வந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நஷ்வாவின் இன்னொரு பக்கம் உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னார்:

"கடைசிப் பக்கம் உனக்குத்தான். விஷயம் கேள்விப்பட்டதும் நேத்தே முடிவு பண்ணிட்டேன். முதல் தடவை தங்கச்சியைப் பத்தி எழுது. காருக்குள்ள அவ, மாடி மண்டபத்துல நீ. அதை அப்படியே எழுது. திங்கக்கிழமைக்குள்ள வேணும்."

"சரிங்க ஹானிம்." கேட்டு முடிக்கும் முன்னே வாய் சொல்லிவிட்டது.

அஃபாஃப் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா இது? வேலை பேசுற இடமா இது? காப்பி குடிச்சீங்களா, ஆறுதல் சொன்னீங்களா, கிளம்புங்க."

"நீங்க யாரு?" என்றார் இஸ்மத் ஹானிம், கண்ணாடியைக் கழற்றாமல்.

"சொந்தக்காரி."

இஸ்மத் ஹானிம் நஷ்வாவைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். நஷ்வா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

அடுத்த நாட்களில் நஷ்வா எழுதினாள். நின்றுகொண்டு எழுதினாள், சமையலறையில் எழுதினாள், பால்கனிக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே எழுதினாள். கை பழகிய கைதான். முதல் வரி நன்றாகவே வந்தது. அதுதான் தொல்லை. ரீஹாம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று சொன்ன இடத்தில் வாசகர் அழுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்து எங்கே நிறுத்தினால் இன்னும் அழுவார் என்பதும் தெரிந்தது. ரீஹாம் மூச்சு வாங்கியதைச் சேர்க்கலாமா, அடுத்த பத்திக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தபோது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அழித்தாள். வேறு மாதிரி தொடங்கினாள். அதுவும் நன்றாக வந்தது. அந்தக் காரில் இருந்தவள் இதில் இல்லை. இதில் இருந்தவள் பக்கத்தின் அளவுக்குச் சரியாக வெட்டப்பட்ட ஒரு தங்கச்சி.

திங்கட்கிழமை காலை தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு போன் செய்தாள்.

"ஹானிம், தங்கச்சியைப் பத்தி என்னால இப்ப முடியாது. வேற எதைக் கேட்டாலும் எழுதுறேன். தப்பான மண்டபத்துல போய் உட்கார்றவங்களைப் பத்தி எழுதட்டுமா? சிரிப்பா வரும்."

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நஷ்வா, உன்னை எழுத்துக்காகத்தான் கூப்பிட்டேன்னு நினைக்கிறியா? எழுதத் தெரிஞ்சவங்க தெருவுக்கு நாலு பேரு. உன்கிட்ட இருக்கறது வேற யார்கிட்டயும் இல்ல. அதுக்குத்தான் பக்கம்."

"தெரியுதுங்க ஹானிம்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

"அப்ப அடுத்த மாசம் பார்க்கலாம்," என்றார் இஸ்மத் ஹானிம்.

அந்தப் 'பார்க்கலாம்' எதற்குச் சமம் என்று இரண்டு வருடத்தில் நஷ்வா நன்றாகக் கற்றிருந்தாள். நன்றி சொல்லிப் போனை வைத்தாள். அடுத்த வாரம் அச்சக முதலாளி வீட்டில் ஒரு நாற்பதாம் நாள் துக்கம் வருகிறது. போகவேண்டும், டாக்சியில்தான் போகவேண்டும் என்று மனசு அதற்குள் ஓடிவிட்டது. அதை நினைத்து அவளே ஒரு முறை சிரித்துவிட்டாள்.

அடுப்பில் சுடர் நீலமாகச் சுருங்கி, ஒரு தடவை துள்ளி, அணைந்தது. தண்ணீர் கொதிக்கவில்லை.

கீழே தெருவில் கேஸ்காரன் ஸ்பானரால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டே வந்தான். நஷ்வா பால்கனிக்கு ஓடினாள். இப்படிக் கத்திக் கூப்பிடுவது ரீஹாமின் வேலை. நஷ்வாவுக்குத் தெருவில் குரல் எழுப்பிப் பழக்கமில்லை. முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை எதிர்வீட்டு ஜன்னல்கள் திறக்கும் அளவுக்குக் குரல் வந்தது.

கேஸ்காரன் அண்ணாந்து பார்த்தான். "எந்த மாடி?"

"நாலு!"

"லிஃப்ட் இருக்கா?"

"இல்ல!"