சம்பந்தி பார்க்க வலை வீசியது

1

"ஏலே செல்லப்பாண்டி, வாங்கிட்டு வந்த விராலு எங்கலே?"

"நேத்துச் சாயங்காலமே கண்மாய்ல விட்டுட்டேன்க்கா."

"கண்மாய்லயா? அதென்ன வீட்டுக் கோழியா, கூப்பிட்டா வர்றதுக்கு?"

"கத்தாதக்கா, பக்கத்து வீட்ல கேக்கும்."

கேட்டது. கதை எனக்குக் கிடைத்தது அப்படித்தான். நடுவில் ஒரு வேலி, வேலியை ஒட்டி என் காது. வருஷம் 1972. ஊர், திருச்சுழிக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில். கத்தியவள் முத்துமாரியம்மாள். வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவள் தம்பி, கண்மாய் மீனை ஏலம் எடுத்தவன்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'வானத்தை அண்ணாந்து பார்த்தபடி குண்டாறு—'

(ஆறு வேறு எப்படிக் கிடக்கும்? அடித்துவிட்டேன்.)

கட்டுரையாகவே சொல்லிவிடுகிறேன். ஆற்றில் வெள்ளம் வந்தால் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் புதுத்தண்ணி வரும். கெண்டையும் கெளுத்தியும் அதை எதிர்த்து ஏறிப் போய் முட்டையிடும். விராலுக்குப் புல் முங்கிய கரையோரம் வேண்டும். ஏறுகிற மீனைப் பார்த்த செல்லப்பாண்டிக்கு வயிறு எரிந்தது. 'நான் ஏலம் எடுத்த மீனு, ஆத்துக்கா போகுது?' வரத்துக்கால் வாயில் உடைமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தான்.*

முள்ளில் குப்பை தங்கியது, குப்பையில் மணல் தங்கியது. மறுவருஷம் வந்த வெள்ளம் கண்மாய்க்குள் வராமல் ஆற்றோடு போய்விட்டது. புல் முங்கவில்லை. கெளுத்தி போச்சு, கெண்டை போச்சு, கடைசியில் விராலும் போச்சு. எங்கிருந்தோ ஜிலேபிக் குஞ்சு கொண்டுவந்து கொட்டினான். அது செருப்பில் தண்ணி தேங்கினாலும் பிழைக்கும்.

* ஊர் ஏன் கேட்கவில்லை? ஏலப் பணத்தில் கோயிலுக்கு மைக் செட் வந்திருந்தது. அதற்குப் பிறகு யார் பேச்சு யாருக்குக் கேட்டது?

3

எங்கள் பக்கம் பெண் கொடுக்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் கண்மாயைப் பார்ப்பார்கள். கண் முன்னே வலை வீச வேண்டும். விரால், கெளுத்தி விழுந்தால் ஊருக்கு ஆற்றுத் தண்ணி வருகிறது, பெண் குடத்தோடு அலைய வேண்டாம் என்று அர்த்தம். முத்துமாரியம்மாளுக்கு ஒரே மகன், இருளப்பசாமி. பந்தல்குடி மாரிக்கனி மருமகளாக வந்து கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காகத்தான் தம்பி மதுரைப் பக்கம் போய், உயிர் விராலைப் பானையோடு மடியில் வைத்துப் பஸ்ஸில் வந்தது.

பெண்ணின் தாய்மாமன் சோலைமலை கரையில் நின்றார். செல்லப்பாண்டி வலை வீசினான். ஜிலேபி. இடம் மாறி வீசினான். குட்டி ஜிலேபி.

"வேற மீனே கெடையாதாய்யா?"

"இருக்குண்ணே. இன்னைக்கு ஆழத்துக்குப் போயிருச்சு."

"ஆழமா? நடுக் கண்மாய்ல கொக்கு முழங்கா நனையாம நிக்குதேய்யா!"

அவர் வரத்துக்கால் வரைக்கும் நடந்தார். மணலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த முள்ளைப் பார்த்தார். வந்து, ஜிலேபிக் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

"கொழம்பு அருமை தங்கச்சி. பையனும் தங்கம். பொண்ணு தாரோம். ஆனா இங்க அனுப்ப மாட்டோம். மாப்பிள்ளை அங்கிட்டு வரட்டும், நம்ம டீக்கடைக்கு ஆளு வேணும்."

"பொண்ணு குடுக்க வந்தீகளாண்ணே, புள்ள பிடிக்க வந்தீகளா?"

இருளப்பசாமி தலையைத் தூக்கவில்லை. சிரிப்பை மறைக்கத்தான் என்பது என் சந்தேகம். ஏறுகிற மீனைப் போல அவனும்— (வேண்டாம். இந்த உவமை யாருக்கும் வரும்.)

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், முத்துமாரியம்மாள் 'முடியாது' என்று இலையை இழுத்துவிடுகிறாள். நான் நம்பவில்லை, சோலைமலை இலையில் அவள் இன்னொரு துண்டு வைத்ததை வேலி வழியே பார்த்தேன்.

இன்னொன்றில், அக்காளும் தம்பியும் சேர்ந்து முள்ளைப் பிடுங்குகிறார்கள். அதுவும் நடக்கவில்லை. "ஏலம் இன்னும் ஒரு வருஷம் இருக்குக்கா" என்றான் தம்பி. மண்வெட்டியோடு அவள் மட்டும் போனாள். கையெல்லாம் முள் கீறல். முக்கால்வாசி எடுத்திருப்பாள், ஐப்பசியில் வெள்ளம் வந்துவிட்டது.

மீன் ஏறியதா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கெளுத்தியோ விராலோ, எத்தனை வேண்டுமானாலும் விடுங்கள், நான் கேட்கப் போவதில்லை. இருளப்பசாமியை மட்டும் திருப்பிக் கூட்டிவர முடியாது. தையில் கல்யாணம், மாசியில் பந்தல்குடியில் லாரிக்காரர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தான். ஏலம் முடிந்ததும் செல்லப்பாண்டி தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான்.