பவுடர் போடாத மேடம்

பயிற்சி நிலைய வகுப்பில் பட்டறைக்காரர் பொன்சு மாஸ்டர் கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நானும் அவர் பக்கத்தில்தான். எங்கள் ஊர் சுவாமே பட்டறைப் பேட்டையில் எந்தக் கார் நசுங்கினாலும் முதலில் அவரிடம் டிங்கரிங்குக்குப் போகும், பிறகு பெயின்ட் அடிக்க என்னிடம் வரும். அப்படிப்பட்ட மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில் முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெளிந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் அடோமா.

அடோமா அவரிடம் தொழில் பழகியவள். எங்கள் ஊரில் பழகி முடித்தவர்களுக்கு மாஸ்டர் 'விடுதலை' கொடுக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கூடி, ஜெபம் செய்து, முன்னோருக்குப் படைக்கத் தரையில் கொஞ்சம் ஜின் சாராயம் ஊற்றி, மாஸ்டர் தன் கையால் தலையிலும் தோளிலும் பவுடர் கொட்டி, இனி இவளும் ஒரு மேடம், மாஸ்டருக்குச் சமம் என்று சொன்னால்தான் அவளை நம்பி ஒருவன் காரை விடுவான். அவளோடு சேர்ந்த பையன்கள் எல்லாரும் பவுடரும் சிரிப்புமாகக் கிளம்பிப் போனார்கள். அடோமாவுக்கு மட்டும் அடுத்த ஈஸ்டர், அடுத்த கிறிஸ்துமஸ் என்று தள்ளிக்கொண்டே போனார். கடைசியாக, ஏதோ ஒரு பானெட்டில் அவள் எடுத்த ஒடுக்கு சரியில்லை என்றார். அந்த பானெட்டுக்குப் பெயின்ட் அடித்தவன் நான். சரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேலை அனுப்புகிறவரிடம் யார் வாயைக் கொடுப்பது? மறுநாள் அவள் தன் அழுக்கு மேலங்கியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். துறைமுகப் பக்கம் போய்ப் படித்தாள், பெரிய கம்பெனிப் பட்டறையில் சேர்ந்தாள் என்று அவ்வப்போது காதில் விழும். இப்போது பயிற்சி நிலையத்து ஆசிரியையாக வந்து நிற்கிறாள்.

மாஸ்டர் எழுந்து போயிருப்பார். போக வழியில்லை. இந்தப் பயிற்சியில் தேறாத பட்டறைக்கு இனிமேல் கார் அனுப்பமாட்டோம் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் பட்டறையில் பாதிப் பேர் ஏற்கெனவே நிழலில் உட்கார்ந்து டிராஃப்ட்ஸ் காய் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே வந்தார், தினமும் இஸ்திரி போட்ட சட்டையில். வகுப்பில் எல்லாரும் அவளை மேடம் என்றார்கள். அவர் மட்டும் எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. சந்தேகம் வந்தால் என் விலாவில் இடிப்பார், அவருக்காக நான் எழுந்து கேட்பேன். பெயின்ட்காரனுக்கு எதற்கு இத்தனை வெல்டிங் சந்தேகம் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

பாடமெல்லாம் அவருக்குப் புரிந்துதான் இருந்தது. புதுக் கார்களில் இரண்டு கதவுக்கும் நடுவே நிற்கும் பில்லர் வேறு வகை இரும்பு, அதைச் சூடாக்கினால் பலம் போய்விடும், நசுங்கினால் அளவு பார்த்து வெட்டிவிட்டுப் புதுசுதான் வைக்க வேண்டும். "ஆமா ஆமா" என்று தலையாட்டினார். செய்முறைப் பரீட்சை அன்று, பக்கவாட்டில் இடிபட்ட காரை அவர் முன்னால் தள்ளிவிட்டு அடோமா நகர்ந்தாள். அவர் காரைச் சுற்றி வந்தார், பில்லரைத் தடவிப் பார்த்தார், பிறகு கை தன்பாட்டுக்கு கேஸ் டார்ச்சை எடுத்துவிட்டது. எத்தனை வருஷத்துக் கை. நான் இருமினேன். அவர் காதில் விழவில்லை. பில்லர் செக்கச் செவேலென்று பழுத்தது, சுத்தியல் இறங்கியது. முடித்தபோது நசுங்கின இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. வகுப்புப் பையன்கள் கைதட்டினார்கள்.

அடோமா தட்டவில்லை. அந்தப் பில்லரையும், அதே காரின் மறுபக்கத்துப் பில்லரையும் வெட்டியெடுத்தாள். மறுபக்கத்தை பிரஸ்ஸில் வைத்து அழுத்தினாள். அது முனகிக்கொண்டே நின்றது. பிறகு அவருடையது. பழுத்த இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தது.

"வேலை அழகா இருக்கு மாஸ்டர்," என்றாள். "ஆனா இந்த வண்டியில என் புள்ளைய உக்கார வைக்க மாட்டேன்."

அவர் பெயருக்கு நேரே ஃபெயில் என்று எழுதினாள். எழுதும்போது அவள் முகத்தில் சந்தோஷம் தெரியுமோ என்று பார்த்தேன். தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாஸ்டர் வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு வண்டி ஏறியிருப்பார், அவர் பங்கு கென்கிச் சோள உருண்டையையும் நானே சாப்பிட்டுவிடலாம் என்று பொட்டலத்தைப் பிரித்தேன். அதற்குள் திரும்பி வந்தார். கையில் வாசல் பெட்டிக்கடையில் வாங்கிய பவுடர் டப்பா. நான் பொட்டலத்தை மூடிவைத்தேன்.

அடோமா டப்பாவைப் பார்த்தாள். "மார்க்குக்காகவா மாஸ்டர்?"

"மார்க்கை விடு. ஃபெயில்னா ஃபெயில்தான். அன்னைக்கு அந்த பானெட்ல ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"இப்ப எதுக்கு இது? எல்லாரும் மேடம்னுதான் கூப்பிடுறாங்க."

"நான் கூப்பிடலியே."

  மாஸ்டர் டப்பா மூடியைத் திருகிப் பார்த்தார். அந்தத் தடித்த விரல்களுக்கு அது மசியவில்லை. அடோமா அதை வாங்கி, சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து, திரும்ப அவர் கையிலேயே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

அவருக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. டப்பா முழுவதையும் கொட்டினார். நானும் தும்மினேன், அவளும் தும்மினாள்.

"மேடம்," என்றார் மாஸ்டர்.  காலி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொன்னார். "மேடம், மறுபரீட்சை எப்போ?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பிரஸ்ஸில் மடங்கிக் கிடந்த பில்லரை எடுத்தாள். அதன்மேலும் வெள்ளையாகப் பவுடர் விழுந்திருந்தது. "மறுபரீட்சைக்கு வர்றப்போ இதையும் கொண்டு வாங்க மாஸ்டர்," என்று துடைக்காமல் அப்படியே அவர் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.