திரையில் இரண்டு வரிகள்

இரும்புக் கதவு தடாலென்று சுவரில் மோதியது. பம்ப்காரர் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே வந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தார்.

"அம்மா! கீழே தண்ணி வந்துடுச்சு! சைரன் ஏன் அடிக்கல?"

கன்ட்ரோல் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் திரும்பினாள். கீழே என்றால் சுரங்கக் கால்வாய். மழை பெய்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் பாய்கிற, ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய பெரிய குழாய். வெல்டர்கள் உள்ளே வேலையாக இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

"காவல் ஓடுதே! காலையில பார்த்துட்டுத்தானே இறங்கச் சொன்னேன்?"

"ஓடுதோ, உட்கார்ந்து கொட்டாவி விடுதோ! கத்தணுமா இல்லையா?"

'காவல்' என்பது ஒரு புரோகிராம். தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஏறினால் சுரங்கம் முழுக்க சைரன் அலற வைக்கும். அவள் கீபோர்டுக்குத் தாவினாள். கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும் பட்டியல் போடு, அதில் காவல் என்ற பெயர் இருக்கிற வரியை மட்டும் பொறுக்கிக் காட்டு. அவ்வளவுதான் கட்டளை. கணவன் சொல்லிக் கொடுத்தது.

ஒரு வரி வந்தது.

"இதோ இருக்கு பாருங்க! சைரன் ஒயர்தான் எங்கயோ அறுந்திருக்கு!"

பார்க்க பம்ப்காரர் அங்கே இல்லை. ஆணியில் தொங்கிய விசிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தார்.

அந்த நாற்காலியில் அவள் தனியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கன்ட்ரோல் ரூமில் கணவனும் மனைவியும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். பட்டியலைப் பார்ப்பது அவன். மைக்கில் "காவல் ஓடுது" என்று சொல்வதும் அவன். அந்த வார்த்தை காதில் விழாமல் மேஸ்திரிகூட ஏணியில் கால் வைக்க மாட்டார். இன்று அவனுக்கு அனலாகக் கொதிக்கும் காய்ச்சல். போர்வைக்குள்ளிருந்தே சொல்லி அனுப்பினான்.

"வரி வந்தா அது உயிரோட இருக்குன்னு அர்த்தம். வரலைன்னா ஒருத்தரையும் இறக்காதே."

காலையில் பார்த்தபோது இரண்டு வரிகள் வந்தன.

அவளுக்கு உடனே முந்தைய நாள் ஞாபகம் வந்தது. சொட்டுத் தண்ணீர் ஏறாமலே சைரன் ஊளையிட்டு, எல்லோரும் அலறியடித்து மேலே வந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த தம்பி விடவில்லை.

"உங்க சைரனுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்குக்கா. மாமா பக்கத்துலயே இருந்து அதுக்கும் ஒட்டிக்கிச்சு. இப்படிச் சும்மா சும்மா கத்தினா, நிஜமா கத்துற அன்னிக்கு எவன் ஏறுவான்?"

ஒரே வீட்டுக்கு இரண்டு காவல்காரன் இருந்தால் குளறுபடி வராமல் என்ன செய்யும்? ஒன்று கூடுதல் என்று முடிவு கட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லி நிறுத்தலாம். சின்ன எண் பழையது. நேற்று உளறியது அதுவாகத்தான் இருக்கும். அதை நிறுத்தினாள். மறுபடி பட்டியல் கேட்டாள். ஒரே ஒரு வரி. அப்பாடா என்றிருந்தது.

"காவல் ஓடுது" என்றாள் மைக்கில். மைக் சத்தம் ஏணி வரைக்கும்தான் எட்டும்.

"தண்ணி வந்தா சொல்லுக்கா, சோப்போட இறங்குறேன்!" என்று ஏணியிலிருந்து தம்பி கத்தினான். கூட இருந்தவர்கள் சிரித்தது ஸ்பீக்கரில் கேட்டது.

இப்போது மறுபடி கட்டளையைத் தட்டினாள். ஒரு வரி. மறுபடியும். ஒரு வரி. வரியின் எண் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறியது. ஏன் மாறுகிறது என்று யோசிக்க அவளுக்கு நிதானம் இல்லை. எழுந்து ஓடினாள்.

சுரங்க வாயில் ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. வந்தவர்கள் இருமினார்கள், வாந்தி எடுத்தார்கள். பம்ப்காரர் கன்னம் உப்ப விசில் ஊதிக்கொண்டே இருந்தார். தம்பி கோடிமுனையில், முகமூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு பற்றவைத்துக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் விசில் எங்கே கேட்கும்? அதற்குத்தானே சைரன்.

தண்ணீர் வடிந்த பிறகு அவனைத் தூக்கி வந்தார்கள். ஒரு கையில் உறை இருந்தது. இன்னொரு கையில் இல்லை.

கணவன் காய்ச்சலோடு வந்தான். மச்சான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த வெறுங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கன்ட்ரோல் ரூமுக்கு நடந்தான். வாசலில் இன்ஜினியர் யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓடிட்டுத்தாங்க இருந்துச்சு." அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "இப்பவும் ஓடுது, பாருங்க. வரி இருக்கு."

அவன் குனிந்து திரையைப் பார்த்தான்.

"காலையிலயும் ஒரு வரிதான் வந்துச்சா?"

"முதல்ல ரெண்டு வந்துச்சு. கூடுதலா ஒண்ணு கிடக்குதேன்னு பழசை நிறுத்திட்டேன்."

அவன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டான். இன்ஜினியருக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"எப்பவும் ரெண்டுதாம்மா வரும். ஒண்ணு காவல். இன்னொண்ணு அதைத் தேடுற நம்ம கட்டளை, அதுலயும் அந்தப் பேர் இருக்கறதால தன்னையே காட்டிக்கும், ஒவ்வொரு தடவையும் புது எண்ணோட... இதை நான் உனக்குச் சொல்லவே இல்லையே."