பொன்னுராஜ் கொடுத்த ஆர்கன்

ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை. சனிக்கிழமை ஒத்திகையிலேயே பொன்னுராஜ் ஓய்ந்துபோனார்.

போடி கிறிஸ்தவ ஆலயத்துக்கு வாத்தியம் கொடுப்பது அவர்கள் வீட்டு உரிமை. அப்பா கொடுத்த, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் செல்லரித்துப் போனதும், தங்கை மகன் வினோத்ராஜ் வழி சொன்னான். வெளிநாட்டு ஆலயங்களின் குழல் ஆர்கனை ஒவ்வொரு குழலாக ஒலிக்கவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், இங்கே கட்டையை அழுத்த அந்தக் குழலின் ஒலியே வரும்.

"இருக்கிறதுலயே பெரிய ஆலயம் எதுவோ அதைப் போடு" என்றார் பொன்னுராஜ். வினோத் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவர் கேட்கவில்லை. ஜெர்மன் பேராலயத்து ஆர்கன் என்று சபையில் அறிவிப்பும் கொடுத்தாயிற்று.

ஒத்திகையில் வினோத் வாசிக்க, முதல் அடியைப் பாடிவிட்டுப் பாடகர் குழு மூச்சு வாங்கியது. ஆர்கன் அடங்கவில்லை. அந்தக் கல்மண்டபத்தின் முழக்கமும் சேர்ந்தே பதிவாகியிருந்தது. ஓட்டுக்கூரைக்குக் கீழே அது அலையலையாக வந்து அடுத்த அடியை மூடிற்று.

"நிப்பாட்டுங்க தம்பி. எங்கன ஆரம்பிக்கன்னே தெரியல" என்றாள் குழுவை நடத்தும் ஞானசெல்வி.

ஆலயத்துக்கு மைக் செட் கொடுத்த அஜய்குமார் விடுவாரா? "அண்ணாச்சி, நாங்க பாடி முடிச்சு பஸ் ஏறிட்டோம். உங்க ஆர்கன் இன்னும் ஜெர்மனியிலயே நிக்குது."

பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் சிரிப்பு ஓடியது.

"முழக்கத்தை மட்டும் எடுக்க முடியாதாடா?"

"சத்தத்தோட ஒட்டிக் கெடக்கு மாமா. அன்னைக்கே சொல்ல வந்தேன். கிராமத்து ஆலயத்துல எடுத்த சின்னது ஒண்ணு இருக்கு."

அதை வாசித்தான். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அஜய்குமார்கூடச் சேர்ந்து பாடினார். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பேராலயத்து ஆர்கனின் நாலடுக்குக் கட்டைகளும் பொன் வேலைப்பாடும் போய், துணி அலமாரி மாதிரி ஒன்று நின்றது.

"சத்தம் இதுவே இருக்கட்டும். படம் பழசே இருக்கட்டும்."

"ரெண்டும் சேர்ந்துதான் மாமா வரும்."

"அப்ப ஸ்கிரீனைச் செவுத்துப் பக்கம் திருப்பு."

"நான் பாத்துத்தான மாமா வாசிக்கணும்?"

பொன்னுராஜ் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "பொய் சொல்லிப் பழக்கமில்ல. போதகர்கிட்ட நாளைக்கு அறிவிப்புல வெறும் ஆர்கன்னு மட்டும் சொல்லச் சொல்றேன். ஆனா அலமாரியை ஊர் பாக்க வேண்டாம். என் நாற்காலியை இங்கன போடு."

திரைக்கும் சபைக்கும் நடுவே நாற்காலி வந்தது. உட்கார்ந்தார்.

"மறைக்குதா?"

கடைசி பெஞ்சுக்குப் போய் ஞானசெல்வி எட்டிப் பார்த்தாள். "மேல கொஞ்சம் தெரியுது அண்ணாச்சி."

முதுகு வலித்தது. பொன்னுராஜ் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.